கடலைப் பொட்டலமும் களவு போன விவரங்களும்



வேங்கிக்காலில் அமைந்துள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முன்னால் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து நின்று பார்த்தவர்களுக்கு, நான் சொல்லப்போகும் காட்சி புதியதன்று. மக்கள் குறை தீர்க்கும் நாள் என்பதால் செங்கத்திலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் கலசப்பாக்கத்திலிருந்தும் மனிதர்கள் மனுக்களோடு வந்து இறங்குவார்கள். மரத்தடியில் அமர்ந்து மனு எழுதித் தருவோர் ஒருபுறம். ஜெராக்ஸ் கடைகளில் நெருக்கியடித்து நிற்போர் மறுபுறம். முதியோர் உதவித்தொகை கேட்டு வந்தவரும், பட்டா மாறுதல் கேட்டு வந்தவரும், குடும்ப அட்டையில் பெயர் சேர்க்க வந்தவரும் தம் ஆதார் அட்டையை நீட்டி, "ரெண்டு காப்பி போடுப்பா" என்பார்கள். மை சரியாகப் படியாத தாளைக் கடைக்காரர் ஓரமாகப் போட்டுவிட்டு வேறொன்று எடுத்துத் தருவார். ஓரமாகப் போட்ட தாள்கள் மாலைக்குள் ஒரு கட்டாகிவிடும்.

சென்ற மாதம் அப்பக்கம் ஒரு வேலையாகச் சென்றிருந்த நான், தள்ளுவண்டியில் அவித்த வேர்க்கடலை வாங்கினேன். எங்கள் வட்டாரத்தில் அதற்கு மல்லாட்டை என்று பெயர். கடலை தீர்ந்து பொட்டலத்தைப் பிரித்தால், அது ஓர் ஆதார் அட்டையின் நகல். ஒரு மூதாட்டியின் மங்கிய முகம். அதன் கீழே பேனாவால் எழுதப்பட்ட கைப்பேசி எண். அந்த அம்மையாரை நான் அறியேன். அவரும் என்னை அறியார். ஆயினும் அவருடைய பெயர், கணவர் பெயர், பிறந்த ஆண்டு, வசிக்கும் தெரு, தொலைபேசி எண் ஆகிய ஐந்தும் என் கைக்கு வந்துவிட்டன. அவற்றை எனக்குத் தர அவர் சம்மதித்தாரா? இல்லை. தம் விவரம் கடலையோடு விற்கப்படுகிறது என்பதாவது அவருக்குத் தெரியுமா? அதுவும் இல்லை.

தாளைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டேன். ஆனால் மனம் அமைதியடையவில்லை. அதற்குக் காரணம் அந்தத் தாள் மட்டுமன்று. அதைப் பின்னர் சொல்கிறேன்.

தொகுப்பு என்பது யாது?

கடலைப் பொட்டலத்தில் ஒருவருடைய விவரம் இருந்தது. இணையத்திலோ கோடிக்கணக்கானவர்களின் விவரங்களை ஒரே பொட்டலமாகக் கட்டிக் கைமாற்றிக்கொண்டிருக்கிறார்கள். 2019 ஜனவரியில் இவ்வாறான ஒரு தொகுப்பு வெளிப்பட்டது. அதற்கு வைக்கப்பட்ட பெயர் 'கலெக்‌ஷன் ஒன்று'. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டிராய் ஹன்ட் என்ற கணினிப் பாதுகாப்பு வல்லுநர் அதை ஆராய்ந்து, அதில் 77 கோடிக்கும் மேற்பட்ட மின்னஞ்சல் முகவரிகளும் 2 கோடியே 12 லட்சம் கடவுச்சொற்களும் இருப்பதாக எண்ணிச் சொன்னார். 2024 ஜனவரியில் அதனினும் பெரிய ஒன்று கண்டறியப்பட்டது. அதில் இருந்த பதிவுகள் 2,600 கோடி. உலக மக்கள்தொகையைப் போல் மும்மடங்கு! ஒருவருடைய விவரமே பலமுறை இடம்பெற்றிருப்பதுதான் இதற்குக் காரணம்.

இத்தொகுப்புகள் ஒரே நாளில், ஒரே இடத்தில் திருடப்பட்டவை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு கடையின் இணையதளத்திலிருந்து ஓராண்டில் திருடியது, ஒரு விளையாட்டுச் செயலியிலிருந்து மற்றோர் ஆண்டில் திருடியது, ஒரு நிறுவனம் பூட்டாமல் திறந்து போட்டிருந்த கோப்பிலிருந்து அள்ளியது என்று சில்லறையாகச் சேர்ந்தவற்றை எவனோ ஒருவன் உட்கார்ந்து ஒன்றாகக் கோத்துவிடுகிறான். முதலில் விலைக்கு விற்பான். விலை போய் முடிந்த பின், பெயருக்காக இலவசமாகவே வீசுவான்.

"பழைய விவரம்தானே, அதனால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்கலாம். இரண்டு வகையில் கெடும்.

முதலாவது, ஒரே சாவியின் தீங்கு. நம்மில் பலர் எல்லாக் கணக்குகளுக்கும் ஒரே கடவுச்சொல்லையே வைத்திருக்கிறோம். என்றோ ஒரு முறை துணி வாங்கிய தளத்திலிருந்து அது திருடு போயிருந்தால், அதே மின்னஞ்சலையும் அதே கடவுச்சொல்லையும் நூறு இடங்களில் போட்டுப் பார்ப்பதற்குத் திருடனுக்குக் கைவலி கூட இல்லை, கணினியே செய்துவிடும். துணிக்கடையில் தொலைந்த சாவி மின்னஞ்சலைத் திறக்கிறது. மின்னஞ்சல் வங்கிக் கணக்கைத் திறக்கிறது.

இரண்டாவது, கோப்பதனால் வரும் தீங்கு. உதிரிப் பூவாகக் கிடக்கும் வரை எவருக்கும் எதுவும் விளங்காது. ஓரிடத்தில் பெயரும் கைப்பேசி எண்ணும். மற்றோரிடத்தில் அதே எண்ணும் முகவரியும். வேறோரிடத்தில் அதே எண்ணும் மருத்துவமனைக் கட்டணமும் கிடக்கின்றன. கைப்பேசி எண் என்ற நாரில் இவை மூன்றையும் கட்டிவிட்டால், ஒரு குடும்பத்தின் வரலாறே மாலையாகி விடுகிறது. தனித்தனியே பாதகமில்லாதவை, சேர்ந்ததும் ஆயுதமாகிவிடுகின்றன.

நம் தலைநகரில் நடந்தது

இதெல்லாம் எங்கோ வெளிநாட்டுச் சேதி என்று எண்ணிவிட வேண்டாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது ஸ்டார் ஹெல்த் என்னும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம். அதன் வாடிக்கையாளர்களின் விவரங்கள் டெலிகிராம் செயலியில் கிடைப்பதாக 2024 செப்டம்பர் 20ஆம் நாள் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் உலகுக்கு அறிவித்தது. சாட்பாட் எனப்படும் தானியங்கி உரையாடல் கருவிகளை ஒருவன் புனைபெயரில் அங்கே நிறுவியிருந்தான். கேட்டால் அவை கோப்புகளை எடுத்துக் கொடுத்தன. ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் தாமே 1,500க்கும் மேற்பட்ட கோப்புகளை இறக்கிப் பார்த்தனர். பெயர், தொலைபேசி எண், முகவரி, வரி விவரம், அடையாள அட்டை நகல் ஆகியவற்றோடு, மருத்துவப் பரிசோதனை முடிவுகளும் நோயின் விவரமும் அவற்றில் இருந்தன. சில கோப்புகள் அவ்வாண்டு ஜூலை மாதத்தவை. தன்னிடம் 3 கோடியே 10 லட்சம் பேரின் விவரம் இருப்பதாக அந்தத் திருடன் பெருமையடித்துக்கொண்டான்.

தன் முதற்கட்ட ஆய்வில் பரவலான பாதிப்பு எதுவும் தெரியவில்லை என்று நிறுவனம் முதலில் கூறியது. பின்னர் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. அந்தக் கருவிகளையும் தளங்களையும் முடக்குமாறு நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. திருடியவன் 68,000 டாலர் கேட்டு மிரட்டினான் என்ற செய்தி அக்டோபரில் நிறுவனத்தின் வாயிலாகவே வெளிவந்தது. இதில் நாம் பாடம் பெற வேண்டிய இடம் ஒன்றுண்டு. ராய்ட்டர்ஸ் சுட்டிக்காட்டியதும் டெலிகிராம் அந்தக் கருவிகளை நீக்கியது. ஆனால் நீக்கிய பின்னும் புதியவை முளைத்தன. பொட்டலத்தைப் பிடுங்கலாம், தின்றவன் அறிந்ததைப் பிடுங்க முடியுமா?

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். கடவுச்சொல் தொலைந்தால் மாற்றிக்கொள்ளலாம். வங்கி அட்டை தொலைந்தால் முடக்கிவிட்டு வேறு வாங்கலாம். ஒரு பெண் பெற்ற சிகிச்சையின் குறிப்பை எப்படி மாற்றுவது? காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை உண்டு பூரண குணமடைந்தவர் இருக்கிறார். மனச்சோர்வுக்கு மருத்துவரை நாடி நலம் பெற்றவர் இருக்கிறார். குழந்தை தங்காமல் கலைந்த துயரத்தைத் தாயிடம் மட்டும் சொல்லி அழுதவர் இருக்கிறார். அந்தத் தாள் நிக்காஹ் பேசும் வீட்டில் எவனோ ஒருவன் கையில் கிடைத்தால், சம்பந்தம் முறிவதற்கு எத்தனை நிமிடம் ஆகும்? நோயை மறைத்து மணம் பேசச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவர்கள் உரிய இடத்தில் சொல்வது வேறு. ஊரெல்லாம் வாசிக்க விடுவது வேறு.

இதற்கு முந்தைய ஆண்டு, 2023 ஜூனில், கொரோனா தடுப்பூசிக்காக 'கோவின்' தளத்தில் பதிந்தோரின் விவரங்களும் இதேபோல் டெலிகிராமில் வெளிப்பட்டன. ஒருவரின் கைப்பேசி எண்ணைக் கொடுத்தால் பெயரும் பிறந்த விவரமும் அடையாள அட்டை எண்ணும் தடுப்பூசி போட்ட இடமும் வந்தன. ஒரே எண்ணில் பதிந்திருந்த குடும்பத்தினரின் விவரங்களும் உடன் வந்தன. நம் வீடுகளில் தந்தையின் எண்ணிலேயே எல்லோருக்கும் பதிந்தோம் அல்லவா? கோவின் தளம் நேரடியாக உடைக்கப்படவில்லை என்றும், முன்னரே திருடப்பட்ட விவரங்களைத் திரட்டிய கிடங்கிலிருந்தே அவை வந்ததாகத் தெரிகிறது என்றும் அப்போதைய ஒன்றிய இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் விளக்கினார். அந்த விளக்கத்தையே ஏற்றுக்கொண்டாலும் நமக்கு ஆறுதல் எங்கே இருக்கிறது? நம் விவரம் கிடங்கில் இருக்கிறது என்பதுதானே அதன் பொருள்!

திருடாமலே செய்த தீமை

தொகுப்பினால் வரும் கேட்டுக்குத் திருட்டு கூடத் தேவையில்லை. 2021 ஜூலையிலும், 2022ஆம் ஆண்டின் முதல் நாளிலும் நம் சமுதாயப் பெண்மக்களுக்கு நேர்ந்த அவமானத்தை மறந்திருக்க மாட்டீர்கள். பத்திரிகையாளர்கள், மாணவியர், சமூகப் பணியாளர்கள் என்று பலருடைய படங்களைத் திரட்டி, அவர்கள் ஏலத்துக்கு இருப்பதாகக் காட்டும் செயலிகளைக் கயவர்கள் 'கிட்ஹப்' தளத்தில் உருவாக்கினார்கள். அச்செயலிகளின் பெயர்களை இங்கே எழுத என் கை கூசுகிறது. அந்தப் படங்கள் எந்தப் பெட்டகத்தையும் உடைத்து எடுக்கப்பட்டவை அல்ல. அப்பெண்கள் தாமே தம் சமூக ஊடகப் பக்கங்களில் கௌரவமாக வெளியிட்டிருந்தவை. ஒன்று சேர்த்ததும், வரிசைப்படுத்தியதும், பெயரோடு பொருத்தியதுமே குற்றமாயிற்று. 2022 ஜனவரியில் கைதானவர்களில் இருபது வயதைச் சுற்றிய மாணவர்கள் இருந்தார்கள் என்பது இன்னும் வேதனை.

கல்லூரியில் வரலாறு பயின்றவன் நான். பட்டியல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு 1983 ஜூலையின் கொழும்பு நினைவுக்கு வரும். அந்நாள்களில் தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடி வந்த கும்பல்கள், வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கதவு எண்ணைச் சரிபார்த்தன என்பது பதிவான வரலாறு. வாக்களிப்பதற்காகத் தந்த பெயர் அது! தந்தவர் நோக்கம் ஒன்று. எடுத்தவன் நோக்கம் வேறொன்று. அன்று அதற்குத் தாள் தேவைப்பட்டது. இன்று விரல்நுனி போதும். பெயரும் மதமும் தெருவும் ஒரே வரியில் நிற்கும் எந்தப் பட்டியலையும் தயாரிப்பவர், இது தீயவன் கைக்குப் போனால் என்னவாகும் என்று ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும்.

என் கைப்பிழை

இவ்வளவும் பிறர் செய்த பிழைகள். இனி என் பிழை.

இரண்டாண்டுகளுக்கு முன், நம் மஹல்லாவில் ஏழை மாணவர்களுக்குக் கல்வி உதவி வழங்குவதற்காக ஒரு சிறு குழு அமைத்தோம். எழுத்து வேலை தெரிந்தவன் என்பதால் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். அறுபத்திரண்டு குடும்பங்கள். மாணவர் பெயர், வகுப்பு, பெற்றோர் பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண். இவை போதாவென்று 'குறிப்பு' என்று கடைசியில் ஒரு கட்டமும் போட்டேன். அதில் 'தந்தை இல்லை', 'தந்தை நோயாளி', 'கணவர் கைவிட்டவர்' என்றெல்லாம் என் கையாலேயே நிரப்பினேன். யாருக்கு முதலில் கொடுப்பது என்று முடிவு செய்ய எளிதாக இருக்கும் என்பது என் எண்ணம். பட்டியலைக் குழுவின் வாட்ஸ்அப் பக்கத்தில் இட்டேன். அவர்களில் ஒருவர் நன்கொடையாளருக்கு அனுப்பினார். அவர் இன்னொருவருக்கு அனுப்பினார். நற்பணிதானே என்று நான் மகிழ்ந்திருந்தேன்.

சில மாதங்கள் கழித்து, அப்பட்டியலில் இருந்த ஒரு சகோதரி என்னைத் தேடி வந்தார். கணவரை இழந்தவர், தையல் வேலை செய்து மகளைப் படிக்க வைப்பவர். நான்கு நாள்களுக்கு முன் அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்ததாம். பேசியவன் ஸலாம் சொல்லித் தொடங்கியிருக்கிறான். மகளின் பெயரைச் சொல்லி, வகுப்பைச் சொல்லி, "வாப்பா இல்லாத பிள்ளைக்கு முதல் உரிமை, அம்மா" என்று கனிவாகப் பேசியிருக்கிறான். உதவித்தொகை வந்துவிட்டது, உங்கள் கைப்பேசிக்கு ஓர் எண் வரும், அதைச் சொல்லுங்கள் என்றிருக்கிறான். சொன்னார். தையல் இயந்திரம் வாங்கச் சேர்த்து வைத்திருந்த பதினோராயிரத்து நானூறு ரூபாயும் போயிற்று. ஏமாந்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டு நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார். "ஹஜ்ரத், என் மகள் பேரு, வகுப்பு எல்லாம் போகட்டும். அவளுக்கு வாப்பா இல்லைன்னு அவனுக்கு யார் சொன்னது?"

எனக்கு நாவெழவில்லை. அந்தச் செய்தி என் பட்டியலிலிருந்துதான் போயிற்று என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. போகவில்லை என்றும் உறுதி சொல்ல முடியாது. அதுதான் என் தண்டனை. கடலைப் பொட்டலத்தைப் பிரித்த நாளில் நெஞ்சு குறுகுறுத்ததும் அதனால்தான். அந்தக் கடைக்காரராவது கழிவுத் தாள் என்று எண்ணிக் கொடுத்தார். நானோ அமானிதமென்று தெரிந்தே பொட்டலம் கட்டினேன்.

அன்றே அவரையும் அழைத்துக்கொண்டு வங்கிக்குச் சென்றேன். 1930 என்ற எண்ணிலும் புகார் பதிந்தோம். நான்கு நாள் ஆகிவிட்டதால் பணம் கைமாறிப் போயிருந்தது. குழுவிலிருந்தோர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அத்தொகையைத் திருப்பிக் கொடுத்தோம். பட்டியல் தயாரித்த விதத்தை நான் அவரிடம் ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "அந்தக் குறிப்பை மட்டும் அழிச்சிடுங்க ஹஜ்ரத்" என்றார். அழித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. என் கைப்பேசியில் அழித்தேன். மற்றவர் கைகளில் இருப்பதை எப்படி அழிப்பேன்?

பிறர் வீட்டு வாசலில் ஸலாம் சொல்லி, அனுமதி கிடைத்தால் மட்டுமே உள்ளே நுழைய வேண்டும் என்று திருமறையின் 24ஆம் அத்தியாயம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. இந்த ஒழுக்கத்தை நான் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறேன். ஆனால் அறுபத்திரண்டு வீடுகளின் கதவுகளை ஒரே நொடியில், கேட்காமலே, முன்பின் அறியாதவர்களுக்குத் திறந்துவிட்டவனும் நானே.

சட்டம் என்ன செய்யும்?

அந்தரங்கம் என்பது அரசியல் சாசனம் காக்கும் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். வழக்குத் தொடுத்தவர் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி. அதனைத் தொடர்ந்து 2023 ஆகஸ்டில் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் மீதான முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அவ்விதிகளே 18 மாத அவகாசம் தந்துள்ளன. விவரங்களைக் காக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இச்சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அபராதத் தொகை அரசின் நிதியில் சேருமேயன்றிப் பாதிக்கப்பட்டவர் கைக்கு வராது. அவருக்கு இழப்பீடு தருவதற்கு இச்சட்டம் வழி செய்யவில்லை. ஆகவே சட்டம் வந்துவிட்டது என்று கதவைத் திறந்து போட்டுவிட்டு உறங்கலாகாது.

நாம் செய்ய வேண்டியவை

வாசகப் பெருமக்களே, பயந்து ஒதுங்குவதற்காக இவற்றை எழுதவில்லை. செய்யக் கூடியவை பல உள்ளன. அவற்றுள் எதற்கும் பெரும் படிப்புத் தேவையில்லை.

ஆதார் நகல் கொடுக்கும்போது, 'இன்ன வேலைக்கு மட்டும்' என்று தேதியிட்டு நகலின் குறுக்கே எழுதிக் கையொப்பமிடுங்கள். கெட்டுப்போன நகலைக் கேட்டு வாங்கிக் கிழித்துப் போடுங்கள். முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்டு, கடைசி நான்கு மட்டும் தெரியும் ஆதார் நகலை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே பெறலாம். 2022 மே மாதத்தில், அட்டை நகலை எவருக்கும் கொடுக்காதீர், மறைத்த நகலையே கொடுங்கள் என்று ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் அறிவித்தது. தவறாகப் பொருள்கொள்ள இடமுண்டு என்று கூறி, ஓரிரு நாளில் அவ்வறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அறிவிப்பு போனாலும் வசதி போகவில்லை, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கைரேகைக்கும் பூட்டு உண்டு. ஆதார் எண்ணும் கைரேகையும் இருந்தால் வங்கி முகவரிடம் பணம் எடுக்கும் முறை கிராமங்களில் நடைமுறையில் இருப்பதை அறிவீர்கள். 2018இல் தெலங்கானாவில் ஒருவன் பத்திரப்பதிவு ஆவணங்களிலிருந்த கைரேகைகளை ரப்பரில் வார்த்துச் சிம் கார்டுகளை இயக்கிப் பிடிபட்டான். நிலப் பத்திரத்தில் வைத்த ரேகை எங்கெல்லாம் பயணம் போகிறது பாருங்கள்! ஆதார் ஆணையத்தின் தளத்திலோ செயலியிலோ கைரேகையைப் பூட்டி வைத்து, தேவைப்படும்போது மட்டும் திறக்கலாம். வயதான பெற்றோருக்குப் பிள்ளைகள் இதைச் செய்து கொடுப்பது பெரும் நன்மை.

கடவுச்சொல் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் உள்ளவை வேறெங்கும் பயன்படுத்தாத தனிச் சொற்களாக இருக்கட்டும். நினைவில் நிற்கவில்லை என்றால் ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வையுங்கள். வீட்டில் பூட்டி வைத்த நோட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே சொல் வைப்பதைவிடப் பல மடங்கு மேல். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு என்ற வசதி இருக்குமிடமெல்லாம் அதை இயக்கிக்கொள்ளுங்கள். 2024 மே மாதத்தில் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளமே ஊடுருவப்பட்டது. நிர்வாகக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் களவு போனதே வழி என்று காவல்துறை விளக்கமளித்தது. காவல் காப்பவருக்கே அந்த நிலை என்றால் நம் நிலை என்ன?

உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்று ஒன்றிய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். உங்களுடையதல்லாத எண் இருந்தால் அங்கேயே தெரிவிக்கலாம்.

தொலைபேசியில் பேசுபவர் உங்களைப் பற்றி எவ்வளவு சரியாகச் சொல்கிறாரோ, அவ்வளவு எச்சரிக்கை கொள்ளுங்கள். முன்பெல்லாம் விவரம் தெரிந்தவர் நம்பத் தகுந்தவர் என்பது உலக வழக்கு. அந்தக் காலம் போய்விட்டது. பிள்ளையின் பெயர் சொல்வதும், ஸலாம் சொல்வதும், பாலிசி எண் சொல்வதும் இனி அடையாளம் ஆகா. அழைப்பைத் துண்டித்து, உங்களிடம் முன்பே உள்ள எண்ணில் நீங்களே அழைத்துக் கேளுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒரு மணி நேரத்தைக் கூட வீணாக்காதீர்கள். உடனே 1930ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்தி வைக்க அதுவே வழி. வெட்கப்பட வேண்டியவன் திருடன், நீங்கள் அல்ல.

கசிந்த தொகுப்பு எதுவும் உங்கள் கைக்கு வந்தால், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்க்காதீர்கள். "பாருங்கள், எப்படி வெளியாகிவிட்டது!" என்று பிறருக்கு அனுப்பவும் செய்யாதீர்கள். எச்சரிக்கை செய்வதாக எண்ணிப் பரப்புகிறவரும் பொட்டலம் கட்டுகிறவரே. பிறர் குறையைத் துருவிப் பார்க்கலாகாது என்பது நமக்குப் புதிய பாடமன்று.

இனி, பொறுப்பில் இருப்போருக்கு. பள்ளிக்கூடம், மதரஸா, மஸ்ஜித் நிர்வாகம், திருமணத் தகவல் நிலையம், ஹஜ் உம்ரா பயண ஏற்பாட்டாளர், ரமளானில் அரிசி கொடுக்கும் குழு என எல்லோரும் மக்களிடம் விவரம் வாங்குகிறோம். மூன்று கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்வோம். இது உண்மையிலேயே தேவையா? யார் யார் பார்ப்பார்கள்? வேலை முடிந்ததும் என்று அழிப்போம்? தேவையற்றதை வாங்காமலிருப்பதே தலையாய பாதுகாப்பு. நம்மிடம் இல்லாததை எவனாலும் திருட முடியாது.

எங்கள் குழுவில் இப்போது ஒரு முறை வைத்திருக்கிறோம். ஆதார் எண் வாங்குவதில்லை. வங்கி எண்ணைப் பணம் அனுப்புபவர் ஒருவர் மட்டும் பார்க்கிறார். பட்டியல் ஒரே நோட்டில், ஒரே பூட்டில் இருக்கிறது. உதவி கொடுத்து முடித்த வாரத்தில் அப்பக்கங்களைக் கிழித்து, இருவர் முன்னிலையில் எரித்துவிடுகிறோம். குறிப்பு என்ற கட்டத்தை நீக்கிவிட்டோம். யார் வீட்டில் தந்தை இல்லை என்பதை நோட்டில் எழுதி வைத்துத்தான் நாம் அறிய வேண்டும் என்பதில்லையே. அடுத்த தெருவில்தானே அவர்கள் வசிக்கிறார்கள்?

சென்ற வாரம் அந்தச் சகோதரியின் மகள் பள்ளியிலிருந்து ஒரு படிவம் கொண்டுவந்து, நிரப்பித் தரச் சொன்னாள். அதில் பாதிக் கட்டங்கள் எதற்காக என்று எனக்கே விளங்கவில்லை. "இதெல்லாம் கட்டாயமா என்று உன் ஆசிரியையிடம் கேட்டு வா" என்று அனுப்பினேன். மறுநாள் வந்து, "நாலு மட்டும் போதுமாம் ஹஜ்ரத்" என்றாள்.

நான்கை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

வஸ்ஸலாம்.